இரவு கிளப்புகளில் இளைஞர் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளப், பப், டிஸ்கோ, வாடகை மண்டபத்தில் நடக்கும் டிஜே இரவு என எதுவானாலும் சரி, இருட்டு, சத்தம், கூட்டம், மது நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், இடத்தை நடத்துகிறவர்கள், அங்கே வேலை பார்க்கிறவர்கள் என்று எல்லோரும் கேட்பவை இங்கே இருக்கின்றன. முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் கதவு பற்றிய பதில்களையும் மயங்கிக் கிடக்கும் நண்பர் பற்றிய பதிலையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இளைஞர்கள் கட்டுப்பாடாக இருந்தால் போதாதா? இடத்தை ஏன் குறை சொல்ல வேண்டும்?

கட்டுப்பாடு நல்லதுதான். ஆனால் பூட்டிக் கிடக்கும் அவசரக் கதவை அது திறந்துவிடாது. ஒரே பையன், ஒரே அளவுதான் குடிக்கிறான். ஓரிடத்தில் காற்றோட்டம் இருக்கிறது, கேட்டதும் தண்ணீர் தருகிறார்கள், தள்ளாடத் தொடங்கியதும் "போதும் தம்பி" என்று பார் ஊழியர் நிறுத்திவிடுகிறார். அவன் வீடு போய்ச் சேர்கிறான். இதில் ஒன்றும் இல்லாத இன்னோர் இடத்திலிருந்து அதே பையன் ஆம்புலன்ஸில் போகிறான்.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. 1996-ல் சுவீடனின் ஸ்டாக்ஹோமில், நன்றாகப் போதை ஏறியவர்களைப் போல நடிக்கத் தெரிந்த நடிகர்களை பார்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நிற்கவே முடியாதவர் போல வந்து கேட்டவர்களுக்கு மது மறுக்கப்பட்டது 100-க்கு 5 முறைதான். பிறகு பார் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உரிமையாளர்கள், காவல்துறை, உரிமம் வழங்கும் அதிகாரிகள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசினார்கள். போதை ஏறியவருக்கு மது தரக் கூடாது என்று ஏற்கெனவே சட்டத்தில் இருந்த விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். 2001-ல் அதே நாடகத்தை மறுபடி நடத்தியபோது 100-க்கு 70 முறை மறுத்தார்கள். அந்தப் பகுதியில் வன்முறைக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இளைஞர்களைத் திருத்த அங்கே யாரும் புறப்படவில்லை. மாறியது பரிமாறும் கை.

தீ விபத்து எப்போதோ ஒருமுறை நடப்பது. அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் கிளப்புகளில் நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது போலிருக்கிறது. 1942, பாஸ்டன், கோகனட் குரோவ்: இறந்தவர்கள் 492 பேர். முகப்பில் இருந்த சுழல் கதவு கூட்டத்தின் அழுத்தத்தில் சிக்கி நின்றுவிட்டது. 2003, அமெரிக்காவின் ரோட் ஐலண்டு, தி ஸ்டேஷன்: 100 பேர். 2004, புவெனஸ் ஐரிஸ், குரோமன்யோன்: 194 பேர். அங்கே அவசரக் கதவுக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள். 2013, பிரேசிலின் சான்டா மரியா, கிஸ்: 242 பேர். 2015, புக்கரெஸ்ட், கொலெக்டிவ்: 64 பேர். கடைசி நான்கிலும் தொடக்கம் ஒன்றே. கூரைக்குக் கீழே கொளுத்திய வாணம், அதன் பொறி பட்ட நுரைப் பஞ்சு. சத்தம் வெளியே போகாமலிருக்க மலிவாக ஒட்டிய அந்தப் பஞ்சு எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் கிளம்பும். பலர் நெருப்பு கிட்டே வருவதற்கு முன்பே, புகையிலேயே இறந்தார்கள்.

சான்டா மரியாவில் வெளியே போக ஒரே வாசல். முதலில் ஓடிவந்தவர்களை வாசல் காவலர்கள் தடுத்து நிறுத்தினார்கள். பில் கட்டாமல் நழுவப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். மேடையருகே கூரை எரிகிற செய்தி வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. புகை இருட்டில் பலர் கழிப்பறைக் கதவை வெளிவாசல் என்று நம்பி உள்ளே போனார்கள். மீட்கச் சென்றவர்கள் அங்கேதான் ஏராளமான உடல்களைக் கண்டார்கள்.

எனவே நடத்துபவர்களுக்கு: வாசலில் நிற்பவருக்கும் மேடையருகே நிற்பவருக்கும் இடையே வாக்கி டாக்கி இருக்க வேண்டும். "எல்லோரும் வெளியே" என்று அறிவிக்க மேலாளரைத் தேடி ஓட வேண்டிய நிலை கூடாது. யார் முதலில் பார்க்கிறாரோ அவரே இசையை நிறுத்தி விளக்கைப் போடலாம் என்ற அதிகாரம் கடைநிலை ஊழியர் வரை இருக்க வேண்டும். பில் கணக்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே நுழைந்ததும் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டாவது வழியை. ஆபத்து என்றதும் மனிதர்கள் வந்த வழியே திரும்பி ஓடுவார்கள், அது இயல்பு. தி ஸ்டேஷனில் பெரும்பாலானோர் முன்வாசலுக்கே ஓடினார்கள், அங்கேயே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வழி அடைத்துக்கொண்டது. தீப்பிடித்த சுமார் 90 நொடிக்குள் உள்ளே உயிர் தாங்காத நிலை வந்துவிட்டதாகப் பின்னர் அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. 90 நொடியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. முன்பே தெரிந்திருந்தால்தான் உண்டு.

கழிப்பறைக்குப் போகும்போது அப்படியே ஒரு சுற்றுப் பாருங்கள். அவசர வழி என்ற பலகையில் விளக்கு எரிகிறதா? அதன் கீழே உள்ள கதவை மறைத்து பீர் பெட்டிகளும் மடக்கு நாற்காலிகளும் அடுக்கியிருக்கிறதா? கதவில் அழுத்தினால் திறக்கும் குறுக்குக் கம்பி இருக்கிறதா, பூட்டுத் தொங்குகிறதா? பூட்டுத் தொங்கினால் அந்த இடத்தில் அவசர வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வான கூரைக்குக் கீழே யாராவது வாணம் கொளுத்தினால் அந்த நொடியே கிளம்பிவிடுங்கள். பாட்டிலில் சொருகிக் கொண்டுவரும் பளபளப்பான மத்தாப்பும் நெருப்புதான். கட்டிய நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும்.

கூட்டம் எப்போது ஆபத்தாகிறது?

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நெருக்கம்தான், ஆனாலும் நம் காலில் நாம் நிற்கலாம். ஆறைத் தாண்டினால் நம் உடல் நம் வசம் இருக்காது, கூட்டம் எங்கே சாய்கிறதோ அங்கேதான் போவோம். இத்தகைய நெரிசலில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை, நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டி இறக்கிறார்கள்.

இது கிளப்புக்கு வெளியிலும் நடக்கும். 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இதேவான் பகுதியில் 159 பேர் இறந்தது எந்தக் கட்டடத்துக்குள்ளும் அல்ல, இரவு விடுதிகள் நிறைந்த தெருக்களை இணைக்கும் ஒரு குறுகிய சரிவுச் சந்தில். நெரிசல் உச்சத்துக்குப் போவதற்குப் பல மணி நேரம் முன்பே, மாலை ஆறரை மணி வாக்கில், "இங்கே நசுங்கிவிடுவோம்" என்று காவல்துறைக்கு முதல் அழைப்பு போயிருந்தது. உள்ளே எத்தனை பேர் என்று வாசலில் எண்ணுவது பாதி வேலை. வெளியே வரிசை எங்கே நிற்கிறது, எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் மூடினால் தெரு தாங்குமா என்று பார்ப்பது மீதிப் பாதி.

மாட்டிக்கொண்டால் குத்துச்சண்டைக்காரர் போலக் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து, மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை தணியும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாட்டில் ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த ஃபோனை எடுக்கக் குனியவே குனியாதீர்கள்.

ஒரு ராத்திரி சத்தமாகப் பாட்டுக் கேட்டால் காது போய்விடுமா?

ஒரே ராத்திரியில் போகாது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மறுநாள் காலை காதில் "ங்ங்" என்று இரைச்சல் கேட்பது அவை அடிபட்டதன் அடையாளம். பெரும்பாலும் தணிந்துவிடும், அதனால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை.

கணக்கு இப்படி: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி என்று இறங்கிக்கொண்டே வந்தால் 100 டெசிபலுக்கு வாரம் முழுக்கச் சேர்த்து 20 நிமிடம் சொச்சம்தான் மிஞ்சும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட நெறிமுறை, இத்தகைய இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: அந்த வரம்புக்குள்ளேயே நான்கு மணி நேரம் ஆடினாலும் காதின் பங்கு பல மடங்கு மீறிவிடும். அந்த நெறிமுறை இதை அறிந்தே எழுதப்பட்டது. ஒலி அளவைத் தொடர்ந்து அளக்க வேண்டும், காதடைப்பான் கொடுக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர ஒரு அமைதியான பகுதி வேண்டும் என்று அதுவே சேர்த்துச் சொல்கிறது. மற்றதை விட்டுவிட்டு "நாங்கள் 100-க்குள்தான் வைக்கிறோம்" என்று மார்தட்டுவதில் அர்த்தமில்லை.

ஸ்பீக்கர் முன்னால் நிற்காதீர்கள். அதைவிட எளிய அறிவுரை எனக்குத் தெரியாது. இசைக்கலைஞர்களுக்கான வடிகட்டி வைத்த காதடைப்பான்கள் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பாட்டு கெடாது.

ஒரு பக்கக் குறிப்பு. பிரான்சில் இரண்டு பார்களில் நடந்த ஒரு சிறு ஆய்வில், இசையை 72-லிருந்து 88 டெசிபலுக்கு ஏற்றியதும் வாடிக்கையாளர்கள் ஒரு கிளாஸ் பீரைக் காலி செய்யும் நேரம் சுமார் மூன்று நிமிடம் குறைந்தது. ஆய்வு 2008-ல் வெளியானது. பேச முடியாதபோது கை கிளாஸைத் தேடுகிறது. ஒலியைக் குறைக்கச் சில உரிமையாளர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

தண்ணீர் இலவசமாகத் தர வேண்டுமா?

தர வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சில கிளப்புகள் கழிப்பறைக் குழாய்களில் குளிர்நீரை நிறுத்திவிட்டு பாட்டில் தண்ணீரை விற்றன. காற்றில்லாத அறையில் விடிய விடிய ஆடியவர்கள் உடல் சூடேறிச் சுருண்டு விழுந்தார்கள். அந்த அனுபவத்தில் பிறந்தவைதான் இலவசத் தண்ணீர், குளிர்ந்த ஓய்வறை, காற்றோட்டம் என்ற கோரிக்கைகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 முதல் கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தருவது மது உரிமத்தின் கட்டாய நிபந்தனை.

தண்ணீர் குடிப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஆடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லிட்டர் அளவு போதும். எக்ஸ்டசி வகை போதை மாத்திரை எடுத்தவர்கள் பயத்தில் லிட்டர் கணக்கில் குடித்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கி இறந்ததும் உண்டு.

நண்பர் குடித்து மயங்கிக் கிடக்கிறார். தூங்கவிட்டால் சரியாகிவிடுமா?

விடாதீர்கள். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். கல்லீரல் மணிக்கு ஒரு பெக் அளவுதான் கரைக்கும். காபியோ குளிர்ந்த தண்ணீரோ அந்த வேகத்தைக் கூட்டாது. தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்கவைப்பது ஆபத்து, வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும்.

பெயர் சொல்லி அழைத்து, தோளைப் பிடித்து உலுக்குங்கள். எழவில்லையா? மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 8-க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உடம்பு சில்லிட்டிருந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். இவற்றில் ஒன்று போதும். எல்லாம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூச்சு ஒழுங்காக இருந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். அவர் மல்லாந்திருக்க, நீங்கள் பக்கத்தில் மண்டியிட்டு, உங்கள் பக்கத்துக் கையைத் தோளுக்கு நேராக வெளியே நீட்டிவையுங்கள். மறுபக்கத்துக் கையை எடுத்துப் புறங்கை அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையால் மறுபக்கத்து முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுத்தால் உடல் தானே உருண்டு வரும். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரைப்பக்கம் பார்க்கும்படி விடுங்கள். பிறகு அங்கேயே உட்காருங்கள். "படுக்கவைத்துவிட்டேன்" என்று ஆடப் போய்விடக் கூடாது.

மதுவில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று சந்தேகம். என்ன செய்வது?

குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம் என்றால் சந்தேகப்படுங்கள். கலக்கப்படுவது எப்போதும் மர்ம மருந்தாக இருக்காது. கேட்டதற்கு மேல் ஊற்றிய மதுவாகவே பல நேரம் இருக்கும். நம்பிக்கையான ஒருவர் கூடவே இருக்கட்டும். திடீரென்று "நான் வீட்டில் விடுகிறேன்" என்று முன்வரும் அறிமுகமில்லாதவருடன் அனுப்பவே கூடாது. மருத்துவமனையில் ரத்த, சிறுநீர் மாதிரியைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள். சில மருந்துகள் அரை நாளில் உடலில் தடம் இல்லாமல் போய்விடும். ஊழியர்கள் அந்த கிளாஸைக் கழுவாமல் எடுத்துவைக்க வேண்டும், கேமரா பதிவு அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "அளவுக்கு மீறிக் குடித்திருப்பாய்" என்ற வசனத்தை யாரும் சொல்லக் கூடாது.

பெண்களின் பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற திட்டங்கள் உண்மையில் உதவுமா?

ஊழியருக்குத் தெரிந்திருந்தால் உதவும். 2016-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஒரு திட்டத்தில், தொல்லைக்கு ஆளானவர் பாரில் போய் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டால் போதும், ஊழியர் காதும் காதும் வைத்தாற்போல அவரை வெளியேற்றி டாக்ஸி பிடித்துக் கொடுப்பார். அருமையான யோசனை. பல நாடுகளுக்குப் பரவியது. பிற்பாடு லண்டனில் செய்தியாளர்கள் வாடிக்கையாளர்களைப் போலப் போய்ச் சோதித்தபோது, பல இடங்களில் "அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லையே" என்ற பாணியில் விழித்தார்கள். கழிப்பறைச் சுவரில் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். சுவரொட்டி மட்டும் இருந்து ஆள் தெரியாமலிருப்பது ஒன்றுமே இல்லாததைவிட மோசம். நம்பி வந்து கேட்கிறவரை அது நட்டாற்றில் விடுகிறது.

பவுன்சர்களுக்கும் இதே கதை. உடம்பைப் பார்த்து எடுக்கிறார்கள், பயிற்சி கொடுப்பதில்லை. சண்டைபோட்டவரைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டி போட்டு அழுத்தினால் சில நிமிடத்தில் மூச்சு நின்றுவிடலாம் என்பது அந்த வேலையில் சேரும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

"போதைப்பொருளுக்கு இங்கே இடமில்லை" என்று பலகை வைத்தால் போதாதா?

சட்டப்படி பலகை இருக்கட்டும். ஆனால் பயமுறுத்தலோடு நின்றுவிட்டால், கூட்டாளி விழுந்து கிடக்கும்போதுகூட "சொன்னால் போலீஸ் வருமே" என்று மறைப்பார்கள். சோதனையைக் கண்டு பயந்து, கையில் இருந்ததை எல்லாம் மொத்தமாக விழுங்குவதும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இசை விழாக்களில் இறந்த இளைஞர்கள் பற்றி 2019-ல் அறிக்கை தந்த மரண விசாரணை அதிகாரி, விழாக்களில் மோப்ப நாய்களைக் கைவிடவும் மாத்திரைகளைப் பரிசோதிக்கும் வசதி தரவும் பரிந்துரைத்தார். நெதர்லாந்தில் 1992 முதலும் வியன்னாவில் 1997 முதலும் அப்படிப்பட்ட பரிசோதனை நடக்கிறது. கொண்டுவந்ததில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்வார்கள், "சாப்பிடலாம்" என்று சொல்ல மாட்டார்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். எங்கும் செய்யக்கூடியது ஒன்று: முதலுதவி அறைக்கு வருகிறவரிடம் "என்ன எடுத்தீர்கள்?" என்ற கேள்வி சிகிச்சைக்காக மட்டுமே கேட்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. அபின் வகை மருந்தால் மூச்சு நிற்கும்போது மீட்கும் நாலாக்சோன் மூக்குத் தெளிப்பான் கிடைக்கும் நாடுகளில் அது அந்த அறையில் இருக்க வேண்டும்.

பெற்றோராகக் கேட்கிறேன். எல்லாவற்றையும் மூடிவிட்டால் என்ன?

உங்கள் கவலை புரிகிறது. நேரத்தைக் குறைப்பதில் பலன் உண்டு என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் நகரில் 2008-ல் விடிகாலை 5 மணி வரை திறந்திருந்த பப்புகளை மூன்று, மூன்றரை மணிக்கே மூடவைத்தார்கள். இரவு நேரத் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

அறவே மூடுவது வேறு. இடம் இல்லையென்றால் இளைஞர்கள் ஆடாமல் இருந்துவிட மாட்டார்கள், யாரும் சோதிக்காத இடத்தைத் தேடிப் போவார்கள். 1998 அக்டோபரில் சுவீடனின் கோதன்பர்க்கில் பதின்வயதினர் விருந்துக்கு எடுத்த வாடகை மண்டபம் 150 பேருக்கு அனுமதி பெற்றது. உள்ளே இருந்தது அதைப்போல இரு மடங்குக்கும் அதிகம். மண்டபத்து நாற்காலிகளையும் மேசைகளையும் எடுத்து அவசர வழியின் படிக்கட்டில் அடுக்கியிருந்தார்கள். யாரோ அதற்கே தீ வைத்தார்கள். 63 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். உங்கள் பிள்ளை எங்கே போகிறான், அது உரிமம் உள்ள இடமா, எப்படித் திரும்புகிறான் என்று தெரிந்துகொள்வது பலன் தரும். எந்த நேரத்தில் அழைத்தாலும் கேள்வி கேட்காமல் வந்து கூட்டிப்போவேன் என்று சொல்லி, அதன்படியே நடந்துகொள்வது அதைவிடப் பலன் தரும்.

சிமிட்டும் விளக்கு, கண்ணாடி கிளாஸ், புகை?

நொடிக்கு 3 முதல் 30 முறை சிமிட்டும் ஒளி சிலருக்கு வலிப்பை வரவழைக்கும். வேகத்தைக் குறைத்து, வாசலிலேயே அறிவிப்பு வையுங்கள். கூட்டமான இரவுகளில் பாலிகார்பனேட் கிளாஸ் கொடுங்கள், கைகலப்பில் முகம் கிழியாது. புகையை உள்ளே அனுமதிக்காதீர்கள். 2004 மார்ச்சில் அயர்லாந்து நாடு முழுவதும் பப்புகளில் புகைக்கத் தடை போட்டபோது தொழிலே படுத்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். பப்புகள் இன்னும் இருக்கின்றன.

நான் அங்கே வேலை பார்க்கிறேன். எங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

நியாயமான புகார். வாடிக்கையாளர் வாரத்தில் ஒரு ராத்திரி வருகிறார், நீங்கள் ஐந்து ராத்திரி அதே ஸ்பீக்கருக்குப் பத்தடி தள்ளி நிற்கிறீர்கள். காதடைப்பானை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் கேட்க முடியாது என்பார்கள். உண்மையில் பின்னணி இரைச்சல் குறைவதால் எதிரே நிற்பவரின் குரல் பல நேரம் தெளிவாகவே கேட்கும். பார் கவுண்டர் பக்கம் திரும்பியிருக்கும் ஸ்பீக்கரை ஆடுதளத்தின் பக்கம் திருப்பிவைக்கச் சொல்லுங்கள், அதற்குச் செலவே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை செவித்திறன் பரிசோதனையும், மூடிய பிறகு வீடு போக வண்டியும் வேலை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். போதை ஏறியவருக்கு மதுவை மறுத்ததற்காக வாடிக்கையாளர் கத்தும்போது, மேலாளர் உங்கள் பக்கம் நிற்கிறாரா என்று பாருங்கள். நிற்காதவர் கொடுக்கும் பயிற்சிச் சான்றிதழுக்கு மதிப்பில்லை.